பனிமூட்டக் காலத்தில் வடக்கே போகிறீர்களா? டிக்கெட் பணம் போகாமல் இருக்கச் செய்ய வேண்டியவை

டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லி, லக்னோ, வாரணாசி, அமிர்தசரஸ் பக்கம் முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் தாமதமாவதை நாம் தடுக்க முடியாது. ஆனால் விதி தெரியாததாலும் அவசரத்தில் தவறான பட்டனை அழுத்துவதாலும் போகிற பணத்தைத் தடுக்கலாம். ரீஃபண்டுக்காக அலைந்து, கவுண்டருக்குக் கவுண்டர் வெவ்வேறு பதில் கேட்டுச் சலித்த பிறகுதான், எந்த வேலையை எந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கட்டண விதிகள் அவ்வப்போது மாறும். டிக்கெட் போடும் அன்று ஐஆர்சிடிசி தளத்திலும் விமான நிறுவனத்தின் தளத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. நாளையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

வடக்குச் சமவெளியில் பனிமூட்டம் மோசமாக இருப்பது டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை. பஞ்சாபிலிருந்து பீகார் வரை இதே கதைதான். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு கட்ட ஆரம்பித்து, விடியற்காலையில் அடர்ந்து, வெயில் ஏறும்போது கலையும். சில நாட்களில் மதியம் வரை நிற்கும்.

எனவே சென்னையிலிருந்து அதிகாலையில் கிளம்பி டெல்லியில் 8, 9 மணிக்கு இறங்கும் விமானத்தை எடுக்காதீர்கள். விலை குறைவாகத் தெரியும், ஆசை காட்டும். காலை 10 அல்லது 11 மணிக்குக் கிளம்பினால் பகல் ஒன்று, இரண்டு மணிக்குப் போய்ச் சேரலாம். அதுதான் பாதுகாப்பான நேரம். இரவு விமானமும் அவ்வளவு நல்லதல்ல. காலையில் சேர்ந்த தாமதம் நாள் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இரவு விமானத்தின் தலையில்தான் விழும்.

நம் ஊரிலும் ஒரு நாளைக் கவனிக்க வேண்டும். போகியன்று அதிகாலை எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் பல ஆண்டுகள் விமானங்களைத் தாமதப்படுத்தியிருக்கின்றன. ஜனவரி 13 அல்லது 14 அன்று காலை சென்னையிலிருந்து எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே டிக்கெட் போடுங்கள்.

நேர்முகத் தேர்வு, விசா சந்திப்பு, கல்யாணம் என்று நாள் மாற்ற முடியாத வேலை என்றால், விமானத்தில் போகிறவர்கள் முதல் நாள் பகலிலேயே போய்விடுங்கள். ரயிலில் போகிறவர்கள் ஒரு முழு நாளை இடைவெளியாக விடுங்கள். ஒரு இரவு அறை வாடகை கூடுதலாகும். கடைசி நேர விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

2. வானிலை எச்சரிக்கையில் மீட்டரைப் பாருங்கள்

"லேசான பனிமூட்டம்" என்று செய்தியில் கேட்டதும் டிக்கெட்டைக் கேன்சல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வானிலைத் துறையின் கணக்கு எளிது. கண்ணுக்கு 1,000 மீட்டருக்குக் குறைவான தூரமே தெரிந்தால்தான் மூடுபனி. அதற்கு மேல் தெரிந்தால் வெறும் லேசான மூட்டம். பயணத்துக்குப் பெரிய தொல்லை இல்லை. 500 முதல் 1,000 மீட்டர் வரை என்றால் மேலோட்டமானது, 200 முதல் 500 வரை மிதமானது, 50 முதல் 200 வரை அடர்த்தியானது, 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்த்தியானது. அடர்த்தி, மிக அடர்த்தி என்ற இரண்டு சொற்கள் வந்தால் மட்டும் மாற்று ஏற்பாட்டைப் பற்றி யோசியுங்கள்.

டெல்லி விமான நிலையத்தில் ஓடுபாதை 50 மீட்டர் அளவுக்குத் தெரிந்தாலும் இறங்கும் வசதி உண்டு. ஆனால் விமானத்தில் அதற்கான கருவியும் விமானிக்கு அதற்கான பயிற்சியும் இருக்க வேண்டும். கிளம்புவதற்கோ பொதுவாக 125 மீட்டர் தேவை. "அந்த விமானம் இறங்குகிறதே, நம்முடையது ஏன் கிளம்பவில்லை?" என்று கவுண்டரில் சண்டை போடுவதில் பயனில்லாதது இதனால்தான்.

ரயிலில் பிரச்சினை வேறு. ஓட்டுநர் கண்ணுக்கு சிக்னல் தெரிய வேண்டும். ஜிபிஎஸ் மூலம் அடுத்த சிக்னலை முன்கூட்டியே சொல்லும் கருவி இருந்தாலும், அடர்ந்த பனியில் வேகம் மணிக்கு 75 கிலோமீட்டருக்குள்தான். ஒரு வண்டி மெதுவானால் பின்னால் வரும் அத்தனையும் மெதுவாகும்.

3. டிக்கெட் போடும்போதே செய்ய வேண்டியவை

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. குளிர்காலத்தில் வடக்கே சில ரயில்களை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, சிலவற்றை வாரத்தில் சில நாட்கள் மட்டும், ரயில்வே முன்கூட்டியே ரத்து செய்து அறிவிக்கும். ஆகவே டிக்கெட் கிடைத்ததும் மறந்துவிடாமல் ஒரு வாரம் இருக்கும்போது வண்டி எண்ணைப் போட்டு அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

டெல்லி போய் அங்கிருந்து இன்னொரு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2019 ஏப்ரல் முதல் இரண்டு பிஎன்ஆர்களை இணைப்புப் பயணமாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. இரண்டு டிக்கெட்டிலும் பயணிகள் விவரம் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் போய்ச் சேரும் நிலையமும் அடுத்தது கிளம்பும் நிலையமும் ஒன்றாகவோ, ரயில்வே ஒரே தொகுப்பாக வைத்திருக்கும் நிலையங்களாகவோ இருக்க வேண்டும். இணைத்துவிட்டால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவது டிக்கெட்டுக்குப் பிடித்தம் இல்லாமல் பணம் கேட்கலாம். இணைக்காவிட்டால் அது உங்கள் பாடு. இதற்குக் கூடுதல் செலவு எதுவுமில்லை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

நிலையத்தின் பெயரையும் பாருங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லிக்குப் போகிறது, திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஹஜ்ரத் நிஜாமுதீனுக்குப் போகிறது. பழைய டெல்லி நிலையம் வேறு. குளிரில், பெட்டி படுக்கையோடு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவது லேசான காரியமல்ல. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு சென்னையில் கிளம்பி மூன்றாம் நாள் காலை டெல்லி சேர வேண்டியது. அதாவது ஆக்ராவுக்குப் பிறகான கடைசிப் பகுதி சரியாகப் பனி நேரத்தில்தான் வருகிறது. புதுடெல்லியிலிருந்து அமிர்தசரசுக்குக் காலையிலும் மாலையிலும் சதாப்தி உண்டு. காலை வண்டியை நம்பாதீர்கள், மாலை வண்டியை எடுங்கள்.

விமானத்தில் மாறிப் போவதாக இருந்தால் இரண்டு பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். தனித்தனியாக வாங்கினால் 500, 1,000 ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. மொத்தப் பணமும் போகும்.

முன்பதிவுத் தளம் அல்லது ஏஜென்ட் வழியாக வாங்குகிறீர்களா? விமான நிறுவனத்துக்குப் போவது உங்கள் கைபேசி எண்ணா, அவர்களுடைய எண்ணா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் எண் போயிருந்தால், ரத்துச் செய்தி அவர்களுக்குப் போய்விடும், நீங்கள் நள்ளிரவில் விமான நிலையத்தில் நிற்பீர்கள். நான் பயன்படுத்திய தளம் ரீஃபண்டை வங்கிக்கு அனுப்பாமல் தன்னுடைய வாலட்டில் போட்டது. அதை வெளியே எடுக்கத் தனியாக ஒரு போராட்டம். குளிர்காலப் பயணத்துக்கு மட்டுமாவது நேரடியாக வாங்குவதே மேல்.

4. கிளம்பும் முன் வண்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

உங்கள் ரயில் ஏற வேண்டிய நிலையத்திலிருந்தே புறப்படுகிறது, அதனால் சரியான நேரத்துக்குக் கிளம்பும் என்று நினைக்காதீர்கள். பல ரயில்களில் எதிர்த்திசையில் வந்த பெட்டிகளே திரும்பிப் போகின்றன. வந்த வண்டி எட்டு மணி நேரம் தாமதம் என்றால் போகும் வண்டியும் தாமதமாகும். பனியே இல்லாத சென்னையில் டெல்லி வண்டி தாமதமாகக் கிளம்புவது இப்படித்தான்.

ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் உங்கள் வண்டியின் எதிர்த்திசை எண்ணைப் போட்டு அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள். 139க்கு அழைத்தும் கேட்கலாம். விமானம் என்றால் உங்களுக்கு வர வேண்டிய விமானம் எந்த ஊரிலிருந்து வருகிறது, கிளம்பிவிட்டதா என்பதை விமானக் கண்காணிப்புச் செயலிகளில் பார்க்கலாம். அறிவிப்புப் பலகையை விட இது முன்னதாக உண்மையைச் சொல்லிவிடும்.

5. ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால்

பணம் அதிகமாகப் போவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

விதி இது: உங்கள் டிக்கெட்டில் பயணம் தொடங்கும் நிலையத்தில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணம் செய்யாவிட்டால், பிடித்தம் இல்லாமல் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். உறுதியான டிக்கெட், ஆர்ஏசி, காத்திருப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தட்கலுக்கும் பொருந்தும். "தட்கலுக்கு ரீஃபண்டே கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாமாகக் கேன்சல் செய்தால்தான் உறுதியான தட்கலுக்குப் பணம் இல்லை.

செய்ய வேண்டியது: ஐஆர்சிடிசி தளத்திலோ செயலியிலோ உங்கள் முன்பதிவுப் பட்டியலுக்குப் போய் டிடிஆர் (பயணம் செய்யாத டிக்கெட்டுக்குக் காரணம் சொல்லிப் பணம் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்யுங்கள். காரணங்களின் பட்டியலில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் செய்யவில்லை என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடித்ததும் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் விழக்கூடிய குழிகள்:

முதலாவது, கேன்சல் பட்டன். டிடிஆர் வேறு, கேன்சல் வேறு. ரயில் ஐந்து மணி நேரம் தாமதம் என்று பார்த்ததும் கேன்சலை அழுத்தினால் வழக்கமான பிடித்தம்தான் நடக்கும். புறப்படும் நேரம் நெருங்கியிருந்தால் ஒன்றுமே கிடைக்காது. சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) தயாரான பிறகு ஆன்லைனில் கேன்சல் செய்யவும் முடியாது, டிடிஆர் மட்டும்தான் வழி.

இரண்டாவது, காலக்கெடு. ரயில் உண்மையில் உங்கள் நிலையத்திலிருந்து கிளம்புவதற்குள் டிடிஆர் பதிவாகியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் நிதானமாகச் செய்யலாம் என்றிருந்தால் தள்ளுபடியாகும்.

மூன்றாவது, எந்த நிலையத்தின் தாமதம் என்பது. சென்னையில் சரியாக ஏறி, டெல்லிக்குப் பத்து மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இந்த விதியில் ஒரு ரூபாயும் கிடைக்காது.

நான்காவது கொஞ்சம் நுட்பமானது. செயலி 3 மணி 20 நிமிடம் தாமதம் என்று காட்டும்போதே அவசரப்பட்டு டிடிஆர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். வண்டி வழியில் நேரத்தை ஈடுகட்டி 2 மணி 45 நிமிடத் தாமதத்தில் கிளம்பிவிடுகிறது. அப்போது பணமும் இல்லை, பயணமும் இல்லை. புறப்படும் நிலையத்திலேயே ரயில்வே நேரத்தை மாற்றி அறிவித்து, அது 3 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தைரியமாகப் போடலாம். நடுவழி நிலையத்தில் ஏறுகிறவர்கள், தாமதம் நான்கு மணி நேரத்தையாவது தாண்டியிருக்கிறதா என்று பார்த்தபின் போடுங்கள். எல்லைக்கோட்டில் இருந்தால், வண்டி முந்தைய பெரிய நிலையத்தைத் தாண்டும் வரை பொறுங்கள்.

கவுண்டரில் வாங்கிய டிக்கெட் என்றால், வண்டி கிளம்புவதற்குள் நிலையக் கவுண்டரில் டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். பனி நாட்களில் அந்த வரிசை நீளமாக இருக்கும். குடும்பத்தில் ஒருவரை முதலிலேயே நிற்க வைத்துவிடுங்கள்.

பணம் உடனே வராது. டிடிஆர் சம்பந்தப்பட்ட ரயில்வே மண்டலத்துக்குப் போய், அவர்கள் தாமதத்தைச் சரிபார்த்த பிறகுதான் வரும். வாரக் கணக்கு, சில சமயம் மாதக் கணக்கு. ஆகவே அந்தப் பணத்தை நம்பி அடுத்த டிக்கெட்டுக்குத் திட்டம் போடாதீர்கள்.

6. ரயில் ரத்தானால், வழி மாறினால், இணைப்பு தவறினால்

முழுவதுமாக ரத்தான ரயிலுக்கு இ-டிக்கெட் பணம் தானாகவே திரும்பும். டிடிஆர் வேண்டாம், கேன்சலும் வேண்டாம், சும்மா இருந்தால் போதும். ஐஆர்சிடிசியின் வசதிக் கட்டணம் மட்டும் திரும்பாது. ஏசி இல்லாத வகுப்புக்கு யுபிஐ மூலம் 10 ரூபாய், மற்ற வழிகளில் 15. ஏசிக்கு 20, 30. இதற்கு மேல் ஜிஎஸ்டி. டிக்கெட்டுக்கு ஒருமுறைதான், ஆளுக்கு அல்ல. கவுண்டர் டிக்கெட் என்றால் தானாக எதுவும் நடக்காது, மூன்று நாட்களுக்குள் கவுண்டருக்குப் போக வேண்டும்.

ரயில் வேறு வழியில் திருப்பிவிடப்பட்டு நீங்கள் போக விரும்பாவிட்டாலோ, பாதி வழியில் நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டாலோ, டிடிஆர் போட வேண்டும். இதற்கு 72 மணி நேரம் அவகாசம் உண்டு. இணைப்புப் பயணத்தில் இரண்டாவது ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு அவ்வளவு கிடையாது: முதல் ரயில் வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டே போட்டுவிடுங்கள்.

7. விமானம் தாமதமானால்

முதலில் ஒரு பரவலான நம்பிக்கையை ஒதுக்கி வைப்போம். ரத்தானால் 5,000, 7,500, 10,000 ரூபாய் நஷ்டஈடு என்று சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி, முன்னறிவிப்பில்லாமல் நிறுவனத்தின் காரணத்தால் ரத்தாகும் விமானங்களைப் பற்றியது. வானிலை அதில் வராது. பனிமூட்டத்துக்கு நஷ்டஈடு கிடையாது. அதற்காகக் கத்தி ஓய்வதற்குப் பதில், உண்மையில் கிடைக்கக்கூடியதைக் கேளுங்கள்.

விமானம் ரத்தானால் முழு ரீஃபண்ட் அல்லது மாற்று விமானம். எது என்பது உங்கள் விருப்பம். தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றாலும் இதே இரண்டு வாய்ப்பும் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியில் உண்டு. சாப்பாட்டுக்கும் கணக்கு இருக்கிறது: இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானத்துக்கு 2 மணி நேரத் தாமதம், அதற்கு மேல் 5 மணி நேரம் வரை பறப்பதற்கு 3 மணி நேரத் தாமதம். சென்னை–டெல்லி பெரும்பாலும் இரண்டாவது வகையில் வரும். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் பல நேரம் நினைவுகூட வராது. ஹோட்டல் அறையை மட்டும் வானிலைத் தாமதத்தில் எதிர்பார்க்காதீர்கள், கிடைத்தால் சரி.

நீங்களாக முந்திக்கொண்டு கேன்சல் செய்யாதீர்கள். நிறுவனம் ரத்து செய்யும்வரை அது உங்கள் ரத்து, பிடித்தம் உண்டு. 2024 ஜனவரியில் டிஜிசிஏ வெளியிட்ட நடைமுறைப்படி, 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் நிறுவனங்கள் முன்கூட்டியே ரத்து செய்யலாம். எனவே கொஞ்சம் பொறுத்தால் அவர்களே ரத்து செய்யும் வாய்ப்பு அதிகம்.

குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தட்டும்போதும் கவனம் தேவை. மாற்று விமானத்துக்கு ஒப்புக்கொள்ளும் பட்டன் பெரிதாகவும் ரீஃபண்ட் கேட்கும் வரி சிறிதாகவும் இருக்கும். ஒப்புக்கொண்டபின் ரீஃபண்ட் கேட்பது கடினம்.

இன்னொன்று: விமானம் தாமதம் என்று செயலியில் பார்த்துவிட்டு வீட்டில் தூங்காதீர்கள். நிறுவனம் அதிகாரபூர்வமாகப் புதிய நேரம் அனுப்பாதவரை பழைய நேரத்துக்கே செக்-இன் மூடப்படும். பனி சட்டென்று விலகினால் கிளம்பிவிடுவார்கள்.

ஜெய்ப்பூர், லக்னோ என்று வேறு ஊரில் இறக்கினால் பெரும்பாலும் எரிபொருள் நிரப்பிக்கொண்டு டெல்லிக்குத் திரும்புவார்கள். அங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று கேட்கும் முன், உங்கள் பெட்டி கையில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

8. கையில் இருக்க வேண்டியவை

அசல் அடையாள அட்டை, பிஎன்ஆர் செய்தி, பணம் செலுத்திய ரசீது, போர்டிங் பாஸ். தாமதத்தைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், அதில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். டிடிஆர் எண். நிறுவனம் அனுப்பிய ஒவ்வொரு குறுஞ்செய்தியும், எதையும் அழிக்காதீர்கள்.

தேர்வு அல்லது நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் விமான நிறுவனத்திடம் தாமதச் சான்று கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் தராவிட்டால் மின்னஞ்சலில் கேட்கலாம். காப்பீட்டுக்கும் இதுதான் முதல் ஆவணம். ரயில் டிக்கெட்டோடு 45 பைசாவுக்கு வரும் காப்பீடு விபத்துக்கு மட்டும். தாமதத்துக்கு அதில் எதுவும் இல்லை. தனியாக வாங்கும் பயணக் காப்பீட்டில் எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்வெட்டரைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டிக்குள் போன ஸ்வெட்டர் எட்டு மணி நேரக் காத்திருப்பில் உதவாது. ரயில் நிலையங்களில் ஓய்வறை வேண்டுமானால் பிஎன்ஆரைக் கொண்டு ஐஆர்சிடிசியில் முன்பதிவு செய்யலாம். பனி நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

9. பணம் வராவிட்டால்

கடன் அட்டையில் விமான டிக்கெட் வாங்கியிருந்தால் ரத்தான 7 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். ஏஜென்ட் வழியாக வாங்கியது தாமதமாகும், ஆனால் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். "ஏஜென்டைக் கேளுங்கள்", "விமான நிறுவனத்தைக் கேளுங்கள்" என்று இரண்டு பக்கமும் பந்து உருட்டினால், இருவரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து எழுதுங்கள். எனக்கு அதன் பிறகுதான் பதிலே வந்தது.

அதற்கும் அசையாவிட்டால் விமான நிறுவனத்தின் தளத்தில் உள்ள நோடல் அதிகாரிக்கு (புகார்களைக் கவனிக்கும் பொறுப்பாளர்) எழுதுங்கள். அப்புறம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார். வானிலை என்று காரணம் சொன்ன அதே நேரத்தில் மற்ற விமானங்கள் வழக்கம்போல் போயிருந்தால், அந்தப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். ரயில் டிடிஆர் நியாயமின்றி நிராகரிக்கப்பட்டால் அதன் எண்ணோடு ஐஆர்சிடிசிக்கு எழுதலாம், என்டிஇஎஸ்ஸில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை இணைக்கலாம். எங்கும் நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைக்கும் முன் பிஎன்ஆர், தொகை, புகார் எண், தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.